சீமையில் ஒரு நல்ல இடம்

எங்கள் பக்கத்தில் இடம் என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. பெண்ணுக்கு இடம் பார்க்கிறோம் என்றால் மாப்பிள்ளை வீடு தேடுகிறோம் என்று அர்த்தம். பையனுக்கு இடம் கிடைத்துவிட்டது என்றால் காலேஜில் சேர்த்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். இதில் யாருக்கும் குழப்பம் வந்து நான் கண்டதில்லை, என் மாமனார் வீட்டைத் தவிர. அங்கே இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பிசைந்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தைச் சம்பந்தம் பேசுகிற மாதிரி பேசினார்கள். பேசிய லட்சணத்தைத்தான் எழுதுகிறேன்.

எனக்குப் படிப்பு எட்டாவதோடு சரி. திருப்பாதிரிப்புலியூரில் கோயிலுக்குப் போகிற தெருவில் பூஜை சாமான் கடை வைத்திருந்தேன். காலையில் அம்மன் சன்னதியில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வந்துதான் கடைப் பலகையை எடுப்பேன். கற்பூரம், விபூதி, குங்குமம், திரிநூல் என்று என் வியாபாரமே சாமியை நம்பித்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நான் சொல்லப்போவதைப் படித்துவிட்டு, இவன் பக்தியைக் கிண்டல் செய்கிறான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

என் மனைவியின் பிறந்த வீடு சிதம்பரம். பரம்பரையாகப் பயிர் செய்த குடும்பம். என் மாமனார் காலத்தில் நெல்லு மெஷின் வைத்து, அதில் நன்றாகவே வந்துவிட்டார்கள். மாமனார் கையில் தவிடு படாமல் மில் நடத்தினார். மடித்த அங்கவஸ்திரம், ஜவ்வாது வாசனை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூட்டைக்காரர்களை விரல் அசைவில் நகர்த்துவது, இதுதான் அவர் அறிந்த உழைப்பு. அவருக்கு என் மனைவி மூத்தவள். கடைசி, ஒரே பையன். அவன்தான் என் மைத்துனன். சிதம்பரத்திலேயே பி.எஸ்ஸி. முடித்திருந்தான். அறுபதுகளின் நடுவில் நடந்தது இது.

படிக்கும்போது அவர்கள் வகுப்பை நெய்வேலிச் சுரங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அங்கே ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு ராட்சசச் சக்கரம் மண்ணை வாரி வாரி எறிவதைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு மறுபடி மில்லில் உட்கார மனம் போகவில்லை. சுரங்கப் படிப்புப் படிக்க வேண்டும், அந்தச் சக்கரத்தைச் செய்தவர்களிடமே போய்ப் படிக்க வேண்டும் என்றான். என் கடைக்கு வந்து கற்பூர டப்பாவை வைத்துக்கொண்டு அது எப்படிச் சுற்றும் என்று எனக்குக் காட்டியிருக்கிறான். எனக்குப் புரிந்தது பாதி. ஆனால் அவன் முகத்தில் இருந்தது புரிந்தது.

மாமனார் ஒன்றே ஒன்று சொன்னார். ஒரு தடவைதான் அனுப்புவேன். அது சரிப்பட்டு வரவில்லை என்றால் பேசாமல் வந்து மில்லில் உட்கார வேண்டும். அப்புறம் சீமை, சுரங்கம் என்ற பேச்சே எடுக்கக் கூடாது. பையன் ஒத்துக்கொண்டான். ஆக, அவனுக்கு இருந்தது ஒரே வாய்ப்பு. அது எந்த ஊர் என்பதில்தான் அவன் ஜென்மம் முழுதும் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில்தான் பினாங்குக்காரர் உள்ளே வருகிறார். இவர் என் மாமியாரின் அண்ணன், என் மனைவிக்குத் தாய்மாமன். சின்ன வயதில் கப்பலேறிப் பினாங்கில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதிவிட்டு, ஜப்பான்காரன் சண்டை முடிந்த அப்புறம் திரும்பி வந்தவர். சிதம்பரத்து வெயிலில் பூட்ஸும் காலுறையும் போட்டுக்கொண்டு நடப்பார். யாராவது வெளிநாடு என்று வாய் திறந்தால் போதும், தொண்டையைச் செருமிக்கொண்டு, நான் சீமைக்குப் பாதி வழி போய்ப் பாத்தவன் என்பார். குடும்பத்தில் எல்லாரும் அதை நம்பினார்கள். பினாங்கு கிழக்கே இருக்கிறது, சீமை மேற்கே இருக்கிறது, இவர் போனது நேர் எதிர்த்திசை என்பதை என் மைத்துனன்தான் எனக்குத் தேசப்படத்தில் விரல் வைத்துக் காட்டினான். பெரியவர் வாங்குகிற மரியாதை பாழாவானேன் என்று அவன் சபையில் சொல்லவில்லை. எனக்குச் சொல்லிவிட வேண்டும் போல நாக்கு அரித்தது.

பையன் ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருந்தான். பினாங்குக்காரர் தன் பங்குக்கு, பத்திரிகையில் வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்து லண்டனில் ஒரு காலேஜுக்கு எழுதச் சொன்னார். லண்டன் பதில் முதலில் வந்துவிட்டது. வழவழப்பான காகிதம், மேலே இரண்டு சிங்கம், பொன் நிறத்தில் எழுத்து. எந்தப் படிப்பு வேண்டுமானாலும் உண்டு, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று எழுதியிருந்தார்கள். ஜெர்மனிக்காரன் பதில் வர நாளாயிற்று. வந்தது சாணிக் கலர் காகிதம். அதில் இருந்ததெல்லாம் கேள்வி. கணக்கில் என்ன படித்தாய், எந்தப் பாடத்தை எத்தனை வருஷம் படித்தாய், எங்கள் பாஷை தெரியுமா, தெரியாவிட்டால் கற்றுக்கொண்டு வா. கடைசியில் ஒரு நிபந்தனை: சேருவதற்கு முன்னால் சில மாதம் ஏதாவது ஒரு சுரங்கத்தில் கூலியாள்களோடு கூலியாளாக வேலை செய்து, அதற்கு அத்தாட்சி கொண்டுவர வேண்டும்.

இரண்டும் கையில் வந்ததும் என் மனைவிக்கும் எனக்கும் சிதம்பரத்திலிருந்து ஆள் வந்தது. நல்ல நாள் பார்த்திருக்கிறது, வந்து சேருங்கள் என்று. நாங்கள் போனபோது கூடத்தில் ஜமக்காளம் விரித்து, வெற்றிலைத் தட்டு வைத்து, சந்தனம் கரைத்திருந்தார்கள். என் மனைவி என் காதோரம் வந்து, யாருக்குங்க நிச்சயம் என்று கேட்டாள். நிஜமாகவே கேட்டாள்.

பினாங்குக்காரர் லண்டன் காகிதத்தை மூக்குக் கண்ணாடியைச் சரி செய்து சரி செய்து படித்தார். தமிழில் அவரே பொருளும் சொன்னார். மேலே 'அன்புள்ள ஐயா' என்று இருக்கிறது, கவனிக்க வேண்டும். கடைசி வரிக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தி, எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்னு போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கான். யாரு? வெள்ளைக்காரன். நம்ம வூட்டுக்கு."

கூடம் அப்படியே உருகிவிட்டது. என் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் தாலுகா ஆபீசில் மனு எழுதுகிற குமாஸ்தாகூட அந்த வரியைத் தினம் நூறு தடவை எழுதுவான். அது காகிதத்தின் அடியில் போடுகிற ஒரு சொல், அவ்வளவுதான். தாசில்தார் தன் மேலதிகாரிக்கு அப்படி எழுதிவிட்டு, வீட்டுக்குப் போய் அவரைத் திட்டுவார். ஆனால் என் மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். இருநூறு வருஷம் ஆண்டவன், கடைசியில் நெல்லு மெஷின்காரர் வீட்டுக்குக் கீழ்ப்படிந்துவிட்டான் என்பது போல.

பிறகு ஜெர்மனிக் காகிதம் விசாரணைக்கு வந்தது. அதை ஒருவரும் முழுதாகப் படிக்கவில்லை. பையனைக் கேட்டார்கள், அவன் சொன்னான். ஒவ்வொரு கேள்வியாகச் சொல்லச் சொல்ல மாமனார் முகம் இறுகியது. நம்மைப் பார்த்து என்ன படித்தாய் என்று கேட்பதா? பாஷை தெரியுமா என்று கேட்பதா? பெண் பார்க்க வந்தவர்கள் முதல் நாளே பெண்ணுக்குப் பல் எத்தனை என்று எண்ணுகிற மாதிரி இருக்கிறதே என்றார் மாமியார். பினாங்குக்காரர், கேள்வி கேட்கிற இடம் சரிப்படாது, நாளைக்குப் பையனைக் கண்கலங்க வைப்பார்கள் என்றார். கூலி வேலை என்ற இடம் வந்ததும் மாமனார் வெற்றிலையைத் துப்பிவிட்டார்.

"மண்வெட்டி புடிக்கவா எம்புள்ளய வளத்தேன்? நம்ம மில்லுல மூட்ட தூக்குறவன் மவன்கூட இப்ப கொத்து வேலைக்குப் போவ மாட்டேங்கிறான்."

அத்தோடு தீர்ப்பு முடிந்தது. நல்ல இடம் லண்டன்தான். மரியாதை தெரிந்த இடம். கேள்வி கேட்காத இடம். சந்தனம் கொடுத்தார்கள். நான் வாங்கிக் கையில் தடவிக்கொண்டேன். என்னையும் ஒரு வார்த்தை கேட்டார்கள். மாப்பிள்ளை என்ற முறைக்கு. அங்கே படித்து முடித்தவர்கள் யாராவது நெய்வேலியில் வேலையில் இருக்கிறார்களா என்று கேட்டேன். பினாங்குக்காரர் சிரித்தார். மாப்ள, நீங்க கற்பூரத்துல சுத்தமானது எது, கலப்படம் எதுன்னு பாருங்க, இது பெரிய விஷயம் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் மைத்துனன் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாளே ஊரில் நடந்த கூத்தை எழுதினால் நம்ப மாட்டீர்கள். மாமனார் தில்லைக் காளிக்கு எண்ணெய்க் காப்பு சாத்தினார். நடராஜர் சன்னதியில் தீட்சிதரிடம், லண்டனுக்கு என்று சொல்லி அர்ச்சனை பண்ணச் சொன்னார். எதற்கு? தபால்காரர் கொண்டுவந்து போட்ட ஒரு காகிதத்துக்கு. சாமிக்குச் செய்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் காகிதத்தைத் திருப்பிப் படிக்கச் சோம்பிக்கொண்டு, அதன் பாரத்தைக் கொண்டுபோய் ஆண்டவன் தலையில் இறக்குகிறவனை என்னால் பக்தன் என்று சொல்ல முடியாது. கண் கொடுத்தவரிடமே போய் எனக்குப் பதிலாக நீயே பார்த்துக்கொள் என்பதா? என் கடையில் தினமும் இப்படி நாலு பேர் வருவார்கள். பையன் பாஸாக வேண்டும் என்று சூடம் வாங்குவார்கள், பையனுக்குப் புஸ்தகம் வாங்கித் தர மாட்டார்கள். நானும் விற்பேன். விற்றுவிட்டு மனசுக்குள் முணுமுணுப்பேன்.

அப்புறம் கோட்டு. கடலூரில் பாண்டு வாத்தியக்காரர்களுக்குத் தைக்கிற டெய்லரிடம்தான் தைத்தார்கள். கோட்டு என்றால் அவருக்குத்தான் தெரியும் என்று. தோளில் ஜரிகை வைக்கட்டுமா என்று அவர் கேட்டதாகக் கேள்வி. போட்டோ ஸ்டூடியோவில் டை கட்ட யாருக்கும் தெரியவில்லை. பினாங்குக்காரர் முன்வந்து கட்டினார். கட்டிய முடிச்சைப் பார்த்தால், மூட்டை வாய் கட்டின மாதிரி இருந்தது. அந்தப் படத்தைப் பெரிதாக்கி மில்லில் மாட்டினார்கள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருத்தராக வந்து கைக்கடிகாரம், பேனா, கம்பளி என்று வாங்கி அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தக் காலேஜில் என்ன சொல்லிக் கொடுப்பார்கள் என்று ஒரு பிறவி கேட்கவில்லை. லண்டன் என்ற ஒரு வார்த்தை அவர்கள் எல்லாருடைய வாயையும் அடைத்துவிட்டிருந்தது.

பையன் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தான். சாப்பிட உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு சொன்னான், லண்டன் காகிதத்தில் சுரங்கம் என்ற சொல்லே இல்லை என்று. நெய்வேலியில் இரண்டு என்ஜினியர்களைப் போய்ப் பார்த்தானாம். ஜெர்மனியிலுள்ள அந்தப் பல்கலைக்கழகத்தின் பேரைச் சொன்னதும் எழுந்து நின்று பேசினார்களாம். லண்டன் காலேஜ் பேரைச் சொன்னபோது, எது, எது என்று திரும்பத் திரும்பக் கேட்டார்களாம்.

"ஜெர்மனிக்காரன் கேட்ட கேள்வியெல்லாம், உள்ளுக்குப் போனா நான் தாங்குவனான்னு பாக்குறதுக்கு மாமா. அது புரிய மாட்டேங்குது அப்பாவுக்கு. நான் என்னா, கட்டிக்குடுத்து அனுப்புற பொண்ணா?"

பரிமாறிக்கொண்டிருந்த என் மனைவி கரண்டியோடு நின்றாள். மறுநாள் காலை, சிதம்பரம் போய் வரலாம் என்றாள். எதற்கு என்று கேட்டேன். வாங்க என்றாள்.

போன நேரம், மாமனார் மத்தியானச் சாப்பாடு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். பினாங்குக்காரரும் பக்கத்தில் துண்டோடு நின்றார். என் மனைவி சாதாரணமாக அப்பா எதிரில் உட்காருகிறவள்கூட இல்லை. அன்று கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, சத்தம் போடாமல், வீட்டு விஷயம் பேசுகிற குரலில் ஆரம்பித்தாள்.

"எனக்கு மொதல்ல பண்ருட்டியில ஒரு எடம் வந்துச்சே, ஞாபகம் இருக்காப்பா?"

அந்தக் கதை குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். மாமனார் கலியாண வீடுகளில் தன் கெட்டிக்காரத்தனத்துக்கு அடையாளமாகச் சொல்லிக்காட்டுகிற கதை. பண்ருட்டியிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஜாதகம் கேட்கவில்லை. நகை கேட்கவில்லை. பெண் படித்திருக்கிறாளா, சமைப்பாளா, ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் வீட்டுப் பெண் என்றால் போதும் என்று கைகூப்பினார்கள். மாமியாருக்கு அப்போதும் கண்ணீர் வந்ததாம். மாமனாருக்கு மட்டும் எங்கோ உறுத்தியிருக்கிறது. ஒன்றுமே கேட்காமல் ஒருவன் பெண் எடுக்க வருகிறான் என்றால் அவனிடம் ஏதோ குறை இருக்க வேண்டும் என்று, தானே பஸ் ஏறிப் பண்ருட்டிக்குப் போய், அந்த வீட்டுக்கு எதிர்ச்சாரியில் டீக்கடையில் உட்கார்ந்து விசாரித்திருக்கிறார். மாப்பிள்ளைக்குப் புதுச்சேரியில் ஏற்கனவே ஒரு குடும்பம் இருந்தது தெரிந்தது. அதற்கு அப்புறம்தான் நான் வந்தேன்; என் அப்பா கேட்ட கேள்விகளுக்கு மாமனார் மூன்று நாள் பதில் சொல்லிக்கொண்டிருந்ததாகச் சொல்வார்கள்.

என் மனைவி தொடர்ந்தாள்.

"ஒண்ணும் கேக்காம வந்தவன் வாசல்ல போயி நீங்க விசாரிச்சீங்க. அதனால நான் பொழச்சேன். இப்ப ஒண்ணும் கேக்காத எடத்துக்குத் தம்பிய அனுப்புறீங்க. யாருப்பா போயி விசாரிச்சது?"

மாமனார் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பினாங்குக்காரர், லண்டன்ல டீக்கடை ஏதும்மா என்று ஆரம்பித்தார். மாமனார் அவர் பக்கம் திரும்பவே இல்லை. இருக்கு, ஆளு இருக்கு என்று மட்டும் சொன்னார்.

ஆள் இருந்தார். ஸ்ரீமுஷ்ணத்தில், மில்லுக்கு நெல் போடுகிற ஒரு குடும்பத்தின் பையன் டாக்டராகி லண்டனில் இருந்தான். பூவராகப் பெருமாள் கோயில் உற்சவத்துக்கு வந்து இறங்கியிருந்தான் என்று மாமனாருக்குத் தெரியும். இத்தனை நாளும் தெரியும். போய்க் கேட்கத் தோன்றவில்லை. பெண்ணுக்கு இடம் பார்க்கும்போது இருந்த புத்தி, பிள்ளைக்கு இடம் பார்க்கும்போது எங்கே போயிற்று என்று நான் இன்றைக்கும் யோசிக்கிறேன். பெண்ணை அனுப்பும்போது ஏமாந்துவிடுவோமோ என்று பயம். பிள்ளையை அனுப்பும்போது பெருமை. பயந்தவன் விசாரிக்கிறான். பெருமைப்படுகிறவன் படம் எடுத்து மாட்டுகிறான்.

மாமனார், நான், பையன், கூடவே அழைக்காமல் வந்த பினாங்குக்காரர், நாலு பேரும் பஸ் பிடித்துப் போனோம். ஊரில் கூட்டம் நெரிந்தது. பெருமாளைச் சேவித்துவிட்டுத்தான் அவர்கள் வீட்டுக்குப் போனோம். அந்த டாக்டர் நல்ல பிள்ளை. வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். காகிதத்தை வாங்கி விலாசத்தைப் பார்த்தார். இந்தத் தெரு வழியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவேன் என்றார். மாமனார் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதற்கப்புறம் அந்த டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"செருப்புக் கடைக்கு மேல ரெண்டு ரூமுங்க. சாயங்காலத்துல டைப்ரைட்டிங், கணக்கு எழுதுறது சொல்லித் தர்றாங்க. பட்டமெல்லாம் குடுக்க அவுங்களுக்கு அதிகாரம் கெடையாது. வந்து மாட்டிக்கிட்ட நம்ம பசங்க ரெண்டு பேரு பஸ்ஸுல டிக்கெட் கிழிக்கிறாங்க."

இதற்குப் பிறகாவது ஒரு மனிதன் வாயை மூடுவான் என்று நினைப்பீர்கள். பினாங்குக்காரர் மூடவில்லை. செருப்புக் கடைக்கு மேலே இருந்தால் என்ன, லண்டன் லண்டன்தானே, பினாங்கிலும் மாடியில்தான் எல்லாம் நடக்கும் என்றார். அந்த டாக்டர் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அம்மை போட்ட குழந்தையைப் பார்க்கிற மாதிரி இருந்தது. திரும்பி வருகையில் மாமனார் பஸ்ஸில் ஜன்னல் பக்கமாகவே முகத்தை வைத்துக்கொண்டு வந்தார். பினாங்குக்காரர் சேத்தியாத்தோப்பில் வேலை இருப்பதாக இறங்கிக்கொண்டார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் கிடையாது.

மில்லில் மாட்டியிருந்த படம் இறங்கியது. ஆனால் அதோடு நல்ல புத்தி வந்துவிட்டது என்று நினைத்தால் தப்பு. அவமானப்பட்ட பெரிய மனிதனுக்கு அடுத்தபடி வருவது கோபம்தான். சீமையும் வேண்டாம், சிங்கமும் வேண்டாம், பேசியபடி ஒரு தடவை பார்த்தாகிவிட்டது, வந்து மில்லில் உட்கார் என்றார் மாமனார். இவர் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கின இடம் பொய்யாகப் போனதற்குப் பையன் தண்டனை அனுபவிக்க வேண்டுமாம். பையன் லண்டனுக்குப் போகவுமில்லை, கேட்கவுமில்லை. ஆனாலும் அவனுடைய ஒரு தடவை முடிந்துவிட்டதாம். இந்த நியாயத்தை எந்த ஊரில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்குத்தான் அவன் முதல் தடவையாக அப்பாவை நேராகப் பார்த்துப் பேசினான். நானும் அங்கே இருந்தேன். மில் ஓடிக்கொண்டிருந்ததால் சத்தமாகத்தான் பேச வேண்டியிருந்தது. ஆனால் கோபமாகப் பேசவில்லை.

"நீங்க பாத்த எடம் போச்சுப்பா. நான் பாத்த எடம் அப்புடியே இருக்கு. அவன் என்னய வேணாம்னு சொல்லல, மொதல்ல வேல செஞ்சு காட்டுன்னுதான் சொல்றான். செஞ்சு காட்டிட்டு வந்து கேக்குறேன். அப்ப அனுப்பலன்னா மில்லுல உக்காந்துக்கிறேன்."

மாமனார் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது போதும் என்று அவன் கிளம்பிவிட்டான். நெய்வேலியில் யார் யாரையோ பார்த்து, சுரங்கத்தில் கூலியாள்களோடு இறங்க அனுமதி வாங்கினான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவான். சட்டை பழுப்பு நிறமாகியிருக்கும்; எத்தனை தடவை அடித்துத் துவைத்தாலும் போகாது. முதல் மாதம் கை முழுதும் கொப்புளம். என் மனைவி மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் வைத்துக் கட்டுவாள். கட்டுப் போட்ட கையாலேயே ஜெர்மன் பாடப் புத்தகத்தைப் புரட்டுவான். அங்கே வேலைக்கு வந்திருந்த ஒரு ஜெர்மன் என்ஜினியர் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்த பாஷையை அவன் உரக்கப் படித்தால், தெருவில் போகிறவர்கள் நின்று, வீட்டில் யாருக்கோ சாமி வந்திருக்கிறது என்று நினைத்தார்கள்.

சிதம்பரத்தில் மாமனார் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் தெரியுமா? பையன் நெய்வேலியில் ஆபீசராக இருக்கிறான் என்று. யாராவது பார்க்கப் போகிறேன் என்றால், அவனுக்கு நேரமே இருக்காது, ஜாஸ்தி பொறுப்பு என்பார். பெற்ற பிள்ளை வேர்வை சிந்துகிறான் என்று சொல்ல வெட்கம். செருப்புக் கடை மாடிக்கு அனுப்பப் பார்த்ததைச் சொல்ல வெட்கமில்லை. அதைத்தான் ஊர் முழுக்கச் சந்தனம் கொடுத்துச் சொன்னார்களே. இந்த வீட்டில் எதற்கு வெட்கப்பட வேண்டும், எதற்கு வெட்கப்படக் கூடாது என்பதே தலைகீழாகத்தான் இருந்தது. கோயிலில் நின்று கும்பிடும்போதுகூட எனக்கு இந்த நினைப்பு வரும். அம்மா, இவர்களுக்குக் கொஞ்சம் வெட்கத்தை இடம் மாற்றி வை என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கூத்தில் அந்த வருஷத்துச் சேர்க்கை தவறிப்போய், அடுத்த வருஷம்தான் ஜெர்மனியிலிருந்து சரி என்று வந்தது. அதே சாணிக் கலர் காகிதம்தான். சிங்கம் இல்லை, பொன் எழுத்து இல்லை, யாரும் யாருக்கும் கீழ்ப்படியவில்லை. எந்தத் தேதிக்குள் வர வேண்டும், எந்த வகுப்பில் சேர வேண்டும் என்று நாலு வரி. பையன் அதை எடுத்துக்கொண்டு போய் மில்லில் அப்பா முன்னால் வைத்தான். நான் கூடப் போகவில்லை. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தவன், அப்பா படிச்சாரு மாமா என்றான். என்ன சொன்னார் என்றேன். மறுபடி ஒரு தடவை படிச்சாரு என்றான். பணத்துக்கு ஏற்பாடு செய்ய மறுநாள் மில் கணக்கப்பிள்ளை வந்தார். மாமனார் வரவில்லை.

புறப்படுகிற அன்று அவன் எங்கள் வீட்டிலிருந்துதான் கிளம்பினான். மெட்ராஸ் போய், அங்கிருந்து பம்பாய், அப்புறம் கப்பல். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்கு நானும் என் மனைவியும் போனோம். கூட்டம் இல்லை. மாலை இல்லை. சிங்கம் போட்ட காகிதத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் ஒருவர்கூட இந்தக் காகிதத்துக்கு வரவில்லை. ஜெர்மனியில் என்ன சாமான் கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது போல.

வண்டி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மாமனார் வந்தார். சிதம்பரத்திலிருந்து தனியாக பஸ்ஸில் வந்திருக்கிறார். அங்கவஸ்திரம் கசங்கியிருந்தது. மகளையும் என்னையும் தாண்டி நேரே பையனிடம் போய், கையைக் காட்டு என்றார். அவன் நீட்டினான். உள்ளங்கையை இரண்டு கையாலும் பிடித்து, விரித்து, தடித்துப் போன இடங்களைக் கட்டை விரலால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். மில்லில் நெல்லை அப்படித்தான் பார்ப்பார். காய்ந்திருக்கிறதா, உள்ளே ஈரம் இருக்கிறதா என்று.

"குளுருல வெடிக்கும். தேங்காண்ணெ வச்சிருக்கியா?"

"அக்கா குடுத்திருக்காங்கப்பா."

வண்டி வந்து நின்றது. பையன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். மாமனார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போல் குனிந்தார். எனக்குக் கேட்டது.

"அங்கயும் மண்ணு அள்ளச் சொன்னா அள்ளு. கேள்வி கேட்டாங்கன்னா நின்னு பதில் சொல்லு. கோவிச்சுக்காத."

வண்டி போய்விட்டது. மாமனார் அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிதம்பரத்துக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று என்னைக் கேட்டார். சொன்னேன். நல்ல வார்த்தைதான் சொல்லி அனுப்பினார், நான் இல்லை என்று சொல்லவில்லை. போன வருஷம் அந்தச் சந்தனம் கரைத்த அன்றைக்கே இதைச் சொல்லியிருந்தால், பிள்ளைக்கு ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும்.